ஞாறான்விளைக்கு ஒரு வக்கீல்

கீரிப்பாறையிலும் மணலோடையிலும் விடிவதற்கு முன்பே ரப்பர் பால் வெட்டக் கிளம்புகிறவர்களில் பலருடைய பெற்றோர் இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கேயும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை இங்கே கொண்டுவந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போனவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி செய்த ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தது. அப்படி வந்தவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது, குடும்ப அட்டை இருந்தது. அவர்களுக்கு வேலை கொடுப்பதையும் நோக்கமாகக் கொண்டு நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் ரப்பர் நடப்பட்டது. 1984இல் அரசு ரப்பர் கழகம் அமைந்தது. இன்று அவர்களுக்கு ஓட்டு உண்டு, கூலி உயர்வு கேட்டு நாகர்கோவிலில் வந்து தர்ணா இருக்கும் உரிமையும் உண்டு.

அந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து பேருந்து ஏறினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மார்த்தாண்டத்தை அடுத்த ஞாறான்விளைக்கு வந்துவிடலாம். அங்கே இருப்பது இலங்கைத் தமிழர் முகாம். கோழிவிளையில் ஒன்று, பழவிளையில் ஒன்று, கன்னியாகுமரிப் பக்கம் பெருமாள்புரத்தில் ஒன்று என்று மாவட்டத்தில் மொத்தம் நான்கு. தமிழ்நாட்டு முகாம்களில் வடக்கு, கிழக்கு மாகாணத்துத் தமிழர்களோடு மலையகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி, அங்கே காடு வெட்டிக் குடியேறி, போர் அங்கும் வந்து சேர்ந்தபோது மன்னார்க் கரையில் படகு பிடித்தவர்கள் அவர்கள். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. 1984இல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே ஓடிய கப்பல் நின்றுபோனது. கப்பலில் வர வேண்டியவர் படகில் வந்தார். ரப்பர் தோட்டத்தில் இருக்கும் ஒரு குடும்பமும் முகாமில் இருக்கும் ஒரு குடும்பமும் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் வாழ்ந்தவர்களாகக்கூட இருக்கலாம். ஒருவர் குடிமகன். மற்றவரைச் சட்டவிரோதக் குடியேறி என்கிறது சட்டம், அவருடைய பேரப்பிள்ளைகள் மார்த்தாண்டத்துப் பள்ளிகளில் படித்து முடித்த பிறகும்.

முகாம்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இரக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். இரக்கம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகச் சொன்னது, மாதப் பணக்கொடையை உயர்த்தியது, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. தகரத்துக்கு அடியில் முப்பது கோடைகளைக் கழித்தவருக்குச் சுவரும் கூரையும் உள்ள வீடு எவ்வளவு பெரியது என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனாலும் வீடும் அரிசியும் தரும் கை தராத ஒன்று மிச்சமிருக்கிறது. அவர்களுடைய காகிதங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து, சட்டத்தின் எந்தப் பிரிவு இவருக்குப் பொருந்தும் என்று சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். அந்த ஒருவர் இல்லாத காரணத்தால், சட்டப்படி ஏற்கெனவே இந்தியக் குடிமகனாக இருப்பவரே அதை அறியாமல் முகாமில் முதுமையடைந்துவிட முடியும்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அயல்நாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் மட்டும் உண்டு. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2003இல் நிறைவேறிய திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு அதுவும் போதாது. ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து அகதிகளின் முதல் அலை இராமேசுவரத்தில் வந்து இறங்கியது. 1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளில் இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமிலும் மற்ற முகாம்களிலும் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் பிறந்த கணத்திலேயே இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். அவர்கள் யாரிடமும் மனு போட வேண்டியதில்லை, யாரும் மனமிரங்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களையும் பெற்றோரின் பதிவு அட்டையிலேயே எழுதினார்கள். அகதியின் பிள்ளை அகதி என்ற கணக்கில் அவர்கள் வளர்ந்தார்கள், வருவாய் ஆய்வாளர் முன் வரிசையில் நின்று தலைக்கணக்குக் கொடுத்தார்கள், மணம் முடித்தார்கள். 1986இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக் கேட்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவருக்குச் சார்பாக உத்தரவு வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டபோது செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. அவருக்குப் புதிதாக எந்த உரிமையும் தரப்படவில்லை. பிறந்த நாளிலிருந்து அவரிடம் இருந்ததை முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டினார். பதினெட்டு வயதிலேயே அவருடைய பிறப்புச் சான்றிதழை ஒருவர் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால்? எத்தனை தேர்தல்கள், எத்தனை வேலை வாய்ப்புகள், எத்தனை தலைக்கணக்கு நாள்கள்!

ஒரே வீட்டுக்குள் இந்தத் தேதிகள் என்ன செய்யும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முகாமில் வளர்ந்த, இலங்கையில் பிறந்த ஒரு பெண் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரை மணக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகள் 2002இல் பிறக்கிறாள். தந்தை இந்தியர், ஆகவே அவள் இந்தியக் குடிமகள். இளையவன் 2006இல் பிறக்கிறான். தாய் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர் என்பதால் அவன் பிறப்பால் குடிமகன் ஆவதில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து, ஒரே பள்ளிக்குப் போன இரண்டு பேர். இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒரே குழித்துறை நகராட்சி தந்ததாகவே இருக்கலாம். தாயும் மகனும் இந்தச் செய்தியை எப்போது அறிவார்கள்? பெரும்பாலும் அவன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து, காவல்துறை விசாரணைக்கு வரும் நாளில். அதற்குள் வளைகுடாவில் ஒரு வேலைக்கு வாக்குக் கொடுத்து, முன்பணமும் கட்டியிருப்பார்கள். இந்த மாவட்டத்தில் இது எப்படி நடக்கும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மலையகத் தமிழர்களுக்கு வேறொரு பிரிவு இருக்கிறது. தாயோ தந்தையோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் இந்திய வம்சாவளியினர். ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் ஐந்தாம் பிரிவின் கீழ்ப் பதிவு செய்து குடியுரிமை பெறலாம். ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலும் சட்டவிரோதக் குடியேறிக்கு இடமில்லை என்ற வரி நிற்கிறது. இந்த முடிச்சைத்தான் 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தொட்டார். மனுதாரர்கள் 65 பேர், எல்லாரும் இந்திய வம்சாவளித் தமிழர்கள். இத்தனை நீண்ட காலம் ஒரு மனிதரைக் கண்காணிப்பில், நாடற்ற நிலையில் வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்கு எதிரானது என்று அவர் கூறினார். நேரடியாகக் குடியுரிமை தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. எனவே மனுக்களை மாவட்ட ஆட்சியர் தாமதமின்றி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2022இல் அதே நீதிபதி, 1993இல் திருச்சியில் பிறந்த ஓர் இளம்பெண்ணின் வழக்கில், இலங்கைக் குடியுரிமையை அவர் ஒருநாளும் பெற்றதில்லை, ஆகவே துறப்பதற்கும் அவரிடம் எதுவும் இல்லை என்று சுட்டிக்காட்டினார்.

இந்தத் தீர்ப்புகளை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனத்தில் நிற்பது நீதிபதியின் சொற்களைவிட அவற்றுக்கு முந்தைய வேலைதான். 65 பேருடைய கதையை யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஆணையகத்தில் தாத்தா கொடுத்த விண்ணப்பத்தின் ரசீது இருக்கிறதா, தோட்டத்துச் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் இருந்ததற்குச் சான்று உண்டா, திருநெல்வேலியிலோ புதுக்கோட்டையிலோ எந்த ஊரிலிருந்து கங்காணி கூட்டிப்போனான் என்று கேட்டிருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கடல்நீர் பட்டு மை கலைந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்காக நடந்த இந்த வேலை ஞாறான்விளையிலும் பழவிளையிலும் வீடு வீடாக நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காகிதத்தை வாசிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, 1992 தொடக்கத்தில் முகாம்களிலிருந்து ஆட்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். தாமாக விரும்பிப் போகிறோம் என்று கையெழுத்து வாங்கிய படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. பழ. நெடுமாறனும் டாக்டர் ச. ராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த ஆண்டிலேயே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புகிறவரின் விருப்பம் உண்மைதானா என்று தனியாக விசாரிக்கும் முறை வந்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பாதுகாப்பு கிடைத்ததில், அந்த இரண்டு பேர் போட்ட வழக்குக்கும் பங்கு உண்டு. சட்டம் மெலிந்திருக்கும் இடத்தில் வக்கீலின் தேவை இரட்டிப்பாகிறது.

ஏழைகளுக்கு இலவச வக்கீல் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அது முகாம்காரர்களுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியைச் சொல்லும்போது குடிமக்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அதன்படி இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் விரிவான மனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. வழக்குத் தொடுக்க வேண்டிய அல்லது எதிர்கொள்ள வேண்டிய ஒவ்வொரு நபருக்கும் அது உதவியைத் தருகிறது. பெண்ணாக இருந்தால் போதும், குழந்தையாக இருந்தால் போதும், வருமானக் கணக்குகூட வேண்டியதில்லை. பேரிடராலும் இனக்கலவரத்தாலும் தன் குற்றமின்றி வறுமைப்பட்டவர்களை அந்தப் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. 1983 ஜூலையில் ஓடிவந்தவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது அந்த வாசகம். ஞாறான்விளையில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும், ஒவ்வொரு பிள்ளையும், போரால் துரத்தப்பட்ட ஒவ்வோர் ஆணும் இலவச வக்கீலுக்கு உரிமையுள்ளவர்கள். நாகர்கோவில் நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணை யாரும் அழைக்கலாம்.

அப்படியானால் ஏன் அவர்கள் வருவதில்லை? நாற்பது ஆண்டு முகாம் வாழ்க்கை ஒரு மனிதருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறது என்று பார்த்தால் தெரியும். தலைக்கணக்கு நாளில் இல்லாவிட்டால் பணக்கொடை நிற்கும். வெளியூர் வேலைக்குப் போய்த் தங்கினால் பதிவு வெட்டுப்படலாம். முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீசார் எப்போது வேண்டுமானாலும் வந்து விசாரிக்கலாம். ஏதாவது வழக்கில் பெயர் அடிபட்டால், ஆட்களை அடைத்துவைக்கும் திருச்சி சிறப்பு முகாம். இந்த அச்சங்களோடு வாழ்கிறவர், அதே அரசின் மேல் மனு போடு என்று சொன்னால் என்ன செய்வார்? ‘வேண்டாமய்யா, இருக்கிறதும் போயிடும்’ என்பார். பெயின்ட் வேலைக்குப் போகும் ஒருவர் நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மதுரைக் கிளைக்கு என்றால் இரண்டு நாள். 2004 ஜூலை 24 அன்று அந்தக் கிளை திறப்பதற்கு முன்பு சென்னைக்கே போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் தூரம் குறைந்திருக்கிறது, அச்சம் குறையவில்லை. அதனால்தான் சட்ட உதவி அலுவலகத்தின் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பது போதாது என்கிறேன். வக்கீல் முகாமுக்குப் போக வேண்டும். ஒருமுறை போய்ச் சொற்பொழிவாற்றித் துண்டறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே ஆள் போக வேண்டும். நம்பிக்கை அப்படித்தான் வரும்.

வக்கீல் போகாத இடத்துக்கு ஏஜென்ட் போய்விடுகிறான். நம் கடற்கரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் படகு ஏற்றிவிடுகிறேன் என்று முகாம்களில் நகையையும் சேமிப்பையும் வாங்கிக்கொண்டு போனவர்களைப் பற்றி இங்கே எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போகக் கிளம்பிய இலங்கைத் தமிழர்களின் படகொன்று இந்தியப் பெருங்கடலில் தத்தளித்து, பிரிட்டனின் ஆட்சியில் உள்ள டியகோ கார்சியா தீவில் கரைசேர்ந்தது. அவர்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். தூத்தூர், சின்னத்துறை மீனவர்களுக்கு அந்தத் தீவின் பெயர் புதிதல்ல. அந்தக் கடலில் எல்லை தாண்டி மீன்பிடித்ததாகப் பிடிபட்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் அந்தத் தீவில் வேலிக்குள் கூடாரங்களில் மூன்றாண்டுகள் அந்தத் தமிழர்கள் கிடந்தார்கள். லண்டன் வழக்கறிஞர்கள் அவர்களுக்காக வாதாடினார்கள். 2024 ஜூலையில் தீவிலேயே நடக்கவிருந்த விசாரணைக்கு அமெரிக்கா அனுமதி மறுத்தது; செப்டம்பரில் நீதிபதியும் வக்கீல்களும் அங்கே போனார்கள். டிசம்பரில் அந்தத் தமிழர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. அந்த மாதமே பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு படைத்தளத் தீவுக்கு நீதிமன்றமே எழுந்து போக முடிந்திருக்கிறது. குழித்துறை நீதிமன்றத்திலிருந்து ஞாறான்விளை எவ்வளவு தூரம்?

அகதிக்குத் தன் வழக்கைச் சொல்ல இடமும் வக்கீலும் கிடைக்குமா என்ற கேள்வி உலகம் முழுவதும் ஒரே வடிவில்தான் வருகிறது. 1985 ஏப்ரல் 4 அன்று கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அந்நாட்டு மண்ணில் நிற்கும் எவருக்கும், அவர் குடிமகனோ இல்லையோ, தன் வழக்கை நேரில் எடுத்துச்சொல்லும் உரிமை உண்டு என்றது. அதை ஒட்டி அகதி மனுக்களைக் கேட்கத் தனி வாரியமே எழுந்தது. ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கானோர் அந்த வாரியத்தின் முன் வக்கீலோடு உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அமெரிக்காவில் குடிவரவு வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவில் அல்ல. 2017இல் மெக்சிகோ எல்லையைக் கடந்து சில கஜ தூரத்திலேயே பிடிபட்ட ஈழத்தமிழ் விவசாயி ஒருவரின் வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் தோற்றது. எல்லையோரம் பிடிபட்டவருக்கு அதிகாரியின் விசாரணையே போதும், நீதிமன்றம் அதை முழுமையாக மறுபரிசீலனை செய்ய வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். எந்த நாட்டில் போய் இறங்கினோம் என்பது ஒருவருடைய வாழ்க்கையை இப்படித் தீர்மானிக்கிறது. நம் சட்டத்தின் 12ஆம் பிரிவு கனடாவின் பக்கம் நிற்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதில் வருத்தமும் உண்டு.

இந்த மாவட்டத்து வழக்கறிஞர்களுக்கு ஒரு மரபு இருக்கிறது. நாகர்கோவில் நீதிமன்றத்தில் சாதி பார்த்துச் சிலருக்கு நாற்காலியும் சிலருக்கு முக்காலியும், தண்ணீருக்குத் தனித்தனிப் பானையும் இருந்த காலத்தில் அதைச் சகிக்காமல் உடைத்தெறிந்தவர் என்று நேசமணியைப் பற்றி இங்கே இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அவர் வக்கீல். அவர் முன்னின்ற போராட்டத்தின் பயனாக 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அன்று நம் தாத்தாமார் ஓர் அடி நகரவில்லை, ஒரு படிவம் நிரப்பவில்லை. எல்லைக்கோடு நகர்ந்து அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். எல்லைக்கோடு யாருக்காகவும் நகராத ஒரு சனம் நம் ஊர்களுக்கு நடுவே வாழ்கிறது என்பதை நாமாவது ஆழமாக உணர வேண்டும். நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று ஐந்து இடங்களில் நீதிமன்றம் வைத்திருக்கும் மாவட்டத்தில், முகாமுக்கு ஒருவராக நாலு வக்கீலை மாதம் ஒருநாள் அனுப்புவது இயலாத காரியம் இல்லை.

எல்லாருக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1987 ஜூலைக்குப் பிறகு, இலங்கையில் பிறந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவர்கள் முகாம்களில் நிறையப் பேர். அவர்களுக்குப் பிறப்பு வழியும் அடைபட்டிருக்கிறது, பதிவு வழியும் அடைபட்டிருக்கிறது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 வரை வந்த ஆறு மதத்தாருக்குச் சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையை நீக்கியது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. இது நல்ல அடி. சிறைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதியை அது தருகிறது, குடியுரிமையைத் தரவில்லை. அதை நாடாளுமன்றம்தான் தர வேண்டும். இங்கே பிறந்து, இங்கே படித்து, வேறொரு நாட்டைக் கண்ணால் பார்த்திராத ஒரு தலைமுறைக்கு அதைத் தர மறுப்பது அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் சட்டம் திருந்தும் வரை அவர்களுக்கு வக்கீல் தேவையில்லை என்று எண்ணக் கூடாது. இங்கே பிறந்த பிள்ளையைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஆணையகத்தில் பதிவு செய்யாவிட்டால் அந்தப் பிள்ளை இரு நாட்டுக்கும் இல்லாமல் போய்விடும். வீட்டில் பிறந்து பிறப்பே பதியாமல் விட்டவர்கள் கோட்டாட்சியரின் உத்தரவு பெற வேண்டும். திரும்பிப் போக விரும்பும் முதியவர்களுக்கு வெளியேறும் அனுமதி வேண்டும். எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த வேலைகளை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அவரும் வழக்கறிஞர், 1985இல் இந்திய அரசே அவரை நாடுகடத்தப் பார்த்து, பிறகு திரும்ப அனுமதித்தது. திரும்பிப் போவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025இல் ஐ.நா. ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவரை, பல்லாண்டுகளுக்கு முன் முறையான ஆவணமின்றி நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். உயிருக்குப் பயந்து படகேறியவர் வயோதிகத்தில் மண்ணை மிதித்ததும் கைது. கிளம்புவதற்கு முன் யாராவது அவருக்கு இரு நாட்டுச் சட்டத்தையும் சொல்லி, அங்கே ஒரு வக்கீலையும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2011இல் வகுத்த விதிமுறைகள் கிராமங்களில் சட்ட உதவி மையங்கள் அமைக்க இடம் தருகின்றன. வக்கீலோடு பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்களும் அங்கே உட்காரலாம். அந்தத் தன்னார்வலர்களாக முகாமிலேயே பட்டம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களைச் சேர்க்கலாம். முகாமின் சமுதாயக்கூடமோ அங்கன்வாடித் திண்ணையோ போதும். முதல் மாதம் ஒரே ஒரு வேலையைச் செய்யலாம்: நான்கு முகாம்களிலும் 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் யார் யார் என்று பட்டியல் எடுப்பது. சான்றிதழ் உள்ளவரைத் தனியாக, இல்லாதவரைத் தனியாகப் பிரிக்க வேண்டும். இல்லாதவருக்காக மண்டபத்துப் பிறப்புப் பதிவேட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், முதலில் சேர்த்த பள்ளிக்கும் எழுத வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் பிறந்தவர்கள் இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த நர்ஸ் பிரசவம் பார்த்தாள் என்று சொல்லக்கூடிய அவர்களுடைய தாய்மார் அறுபதையும் எழுபதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாய்மாருடைய வாக்குமூலத்தை முதலில் எழுதி, நோட்டரி முன் கையொப்பம் வாங்கிவிட வேண்டும்.